மொட்டை மாடித் தலையணை

பசுமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் பின்பக்கம் வறண்ட கண்மாய் தெரியும். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். அந்த மாடியில்தான் தினமும் என் மகளின் தலையணையையும் போர்வையையும் காயப்போடுவேன். அவளுக்கு மூச்சிழுப்பு. தூசி ஆகாது என்று யாரோ சொன்னதிலிருந்து நான் துடைக்காத மூலை கிடையாது.

பஸ்ஸில் பத்து நிமிஷம் போனால் பழங்காநத்தம். அங்கே என் வீட்டுக்காரரின் அக்கா இருக்கிறார், எனக்கு மதினி. சந்துக்குள் வீடு, மாடி கிடையாது. துணியெல்லாம் உள்ளேயே கொடி கட்டி ஃபேனுக்கு அடியில் காயும். கட்டிலுக்கு அடியில் கை விட்டால் போன தீபாவளி வெடிக் காகிதம் வரும். அந்த வீட்டில் போய்ப் படுத்தால் என் மகள் ஒரு இருமல் இல்லாமல் தூங்கி எழுவாள். எங்கள் தெருவில் மாவு அரைத்து விற்கிற அக்கா, "வயித்தெரிச்சலுக்கு மட்டும் கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேணாம், அதுபாட்டுக்கு எரியும்" என்பார். எனக்கு எரிந்தது. பிள்ளைக்கு நல்லது நடந்தால் பெற்றவளுக்கு எரியுமா என்று கேட்காதீர்கள்.

அங்கிருந்து திரும்பினால் அத்தை புராணம்தான். அத்தை சுட்ட தோசை, அத்தை பின்னிவிட்ட சடை. அந்தச் சடையை அவள் வந்ததும் அவிழ்த்து நானே மறுபடி பின்னுவேன்.

போன மாசியில் மதினி வந்து ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, ஆஸ்பத்திரியாட்டம் இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்க. புள்ளைக்கு மட்டும் மூச்சு வர மாட்டேங்குதே! வர்ற ஜூன்ல எங்க பக்கத்து ஸ்கூல்லயே சேத்து விடு. என்கிட்டயே இருக்கட்டும்."

"யோசிக்கலாம்க்கா" என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு சொல்லிலேயே பிள்ளை பாதி அங்கே போய்விட்டாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். அவர் ஒரு வழி சொன்னார். அவருக்குத் தெரிந்த தாவரவியல் பேராசிரியை ஒருவர் எங்கள் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் இருக்கிறார். வாஸ்லின் களிம்பு தடவிய கண்ணாடித் துண்டை மாடியில் வைத்து, அதில் ஒட்டுகிற மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணி, வருடக்கணக்காகக் குறித்து வைத்திருக்கிறாராம். அதோடு இழுப்பு வந்த தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்றார். பழைய மருந்துச் சீட்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டு ஓடினேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். பழங்காநத்தத்துக் காற்றிலும் ஏதாவது கெட்டது இருக்க வேண்டும்.

பேராசிரியை கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சீட்டாகத் தேடினார். சீமைக்கருவேலம் பூத்து மகரந்தம் கூடின வாரங்களில்தான் சீட்டுகள் மொய்த்தன. தூசி இல்லை, என் வீட்டில் குறை இல்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் மகரந்தம் ஏகத்துக்கு இருந்த ஒரு வாரத்துக்கு மட்டும் சீட்டே இல்லை.

"அப்ப பாப்பா எங்க இருந்தா?"

"அவ அத்தை வீட்டுல." பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பழங்காநத்தம் என்ன வேற தேசமா? இதே காத்துதான அங்கயும் அடிக்குது." பேராசிரியை சீட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "படுக்கைத் துணியெல்லாம் எங்கம்மா காயப்போடுவீங்க?"

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே இத்தனை நாள் இருந்தேன். விடிந்ததும் மாடிக்குத் தூக்கிப்போய், வெயில் நன்றாக விழும் கண்மாய்ப் பக்கச் சுவரில் விரித்து, நடுவில் திருப்பிப்போட்டு, பொழுது சாய எடுத்து வந்து அவள் தலைக்கு வைப்பதை விலாவாரியாகச் சொன்னேன்.

அவர் மேசையில் இருந்த கண்ணாடித் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "மகரந்தம் பிடிக்க நான் இத வைக்கிறேன். நீங்க தலையணைய வைக்கிறீங்க. ஒங்களுது பெருசு."

சிரிக்காமல்தான் சொன்னார். பூக்கிற காலத்தில் உள்ளேயே காயப்போட்டு, கண்மாய்ப் பக்க ஜன்னலைச் சாத்தி, டாக்டர் சொன்ன மருந்தையும் விடாமல் கொடுத்துப் பாருங்கள் என்றார். மெனக்கெட்டு மாடி ஏறினவள் நான். மாடியே இல்லாத மதினி ஜெயித்துவிட்டார். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பங்குனி கழியும் வரை பள்ளிக்கூடப் பேச்சை எடுக்காதீர்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, ஹாலுக்குள் கொடி கட்டினேன்.

பங்குனியில் கண்மாய் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. மதினி முடிவு கேட்க வந்தபோது மகள் மதியத் தூக்கத்தில் இருந்தாள். மதினி குனிந்து அவள் முதுகில் காதை வைத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். இழுக்கும் சத்தம் இல்லை. நிமிர்ந்தபோது ஈரப் போர்வை அவர் முகத்தில் அடித்தது.

"என்னம்மா இது, எங்க வீடு மாதிரியே இருக்கு!"

"ஆமா மதினி." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அப்ப இங்கனயே இருக்கட்டும். நான் அடிக்கடி வாரேன்."

வாங்க என்றேன். மகள் எழுந்தாள். நான் சீப்போடு நிற்க, அவள் நேரே அத்தை மடியில் போய் உட்கார்ந்து சடை பின்னிக்கொண்டாள். மதினி பஸ் ஏறியதும் அதை அவிழ்த்து மறுபடி பின்னினேன்.