பட்டுக்கு அடியில் கம்பளி

இந்த ஊர்த் துணிக்கடையில் துணியின் முன்பக்கத்தைப் பற்றி யாரும் முதலில் பேசுவதில்லை. நார்வே நாட்டு பெர்கன் நகரில், எந்நேரமும் மழை ஊற்றும் தெருவில் இருக்கிறது அந்தக் கடை. எம்பிராய்டரி மெஷினுக்குத் துணி வேண்டும் என்று போய் நின்றால், கடைக்காரம்மா இங்கிரிட் கேட்பது, "அடியில் என்ன வைக்கப்போகிறாய்?" மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் இப்படியா? "உக்காருங்கக்கா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சுருள் சுருளாகப் பிரித்து முன்னால் போட்டுவிடுவார்கள். பூவேலைக்குக் கொடுத்தால், தையல்கார அண்ணன் பழைய செய்தித்தாளை அடியில் கொடுத்து ஓட்டிவிட்டு, முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுவார். அந்த வேலைக்கென்றே காசு கொடுத்து ஒன்று வாங்க வேண்டும் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும். ஸ்டெபிலைசர் என்கிறார்கள். ஊசி ஓயாமல் ஏறி இறங்கும்போது துணி சுருங்காமல் பிடித்துக்கொள்ளும் தாள் மாதிரியான ஒன்று.

அதில் எது நல்லது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்குக் காரணம் என் தங்கை ஸ்டெல்லாவின் பெண்குழந்தை. அவள் வாழ்க்கைப்பட்ட வாடிப்பட்டியில், கோயிலில் ஏப்ரலில் ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்ததால் லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பதிலாகச் சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பதாக ஏற்பாடு. எங்கள் வீட்டு வழக்கப்படி ஞானஸ்நான உடுப்பு ஞானத்தாய் கொடுப்பது. ஆள்தான் போகவில்லை, என் கைவேலையாவது அந்தப் பிள்ளை மேல் கிடக்கட்டும் என்று ஆசை. அம்மா தன் கல்யாணப் பட்டுச்சேலையில் ஒரு பாதியை வெட்டி அனுப்பியிருந்தாள். வெண்ணெய் நிறப் பட்டு. "பாத்து வெட்டுடி, இன்னொரு தடவ கேட்டா கிடையாது" என்று போனில் சொல்லிவிட்டாள்.

தண்ணீரில் கரைந்துபோகும் வகை மீதுதான் முதலில் கண். ஆனால் பழைய பட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே திட்டு நிற்கும். கிழித்தெடுக்கும் வகையை வைத்து, உடுப்பின் நெஞ்சுக்கென்று நினைத்திருந்த புறாவை ஒரு துண்டுப் பட்டில் ஓட்டிப்பார்த்தேன். கிழிக்கும்போது பட்டின் இழையும் சேர்ந்து இழுபட்டது. கடைசியில் மெல்லிய வலை மாதிரி இருக்கும், தைத்தபின் சுற்றிலும் வெட்டிவிடுகிற வகைக்கு வந்தேன். மெஷினில் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தில் பட்டுத்துணியை மாட்டினால் தடம் விழும் என்பதால், வளையத்தில் வலையை மட்டும் இறுக்கி, அதன் மேல் பட்டைப் பரப்பி, ஓரத்தில் நூலோட்டி நிறுத்தினேன். புறா அம்சமாக வந்தது. ஒரே குறை, இந்த வலை தையலுக்கு அடியில் அப்படியே இருந்துவிடும். பிள்ளையின் நெஞ்சில் உரசும்.

இங்கிரிட்டிடம் போய்ச் சொன்னேன். "உள்ளே உல் வைத்துத் தை" என்றாள். உல் என்றால் கம்பளி. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்து அதைத்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

"ஞானஸ்நானம் எங்கே?" என்று கேட்டாள்.

"எங்கள் ஊரில். தெற்கே."

"ஓ, தெற்கிலா! அங்கே இப்போது நல்ல வெயில். பத்து டிகிரிகூட இருக்கும். மெல்லிய உல் போதும்."

அவள் நார்வேயின் தெற்கை நினைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தேனே தவிர, கையில் கம்பளியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன் பாருங்கள்! தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. உள்ளே முழுக்க அதை வைத்து, குளிர் படாமல் மணிக்கட்டுவரை கையும் வைத்துத் தைத்து, கூரியரில் போட்டேன். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் என்னைப்போல இருப்பவர்களுக்கு இது புரியும்; நடுங்கும் ஊரில் உட்கார்ந்து தைத்தால், எங்கேயோ இருக்கும் பிள்ளைக்கும் குளிரும் என்றே மனசுக்குத் தோன்றும்.

பார்சல் மதுரை ஆனையூரில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். முன்னால் இருந்த புறாவைப் பார்த்து, "அடி ஆத்தி!" என்று கன்னத்தில் கை வைத்தாள். பிறகு உடுப்பை உள்பக்கமாகப் புரட்டினாள்.

"அமலி, உள்ள என்னடி இது? கம்பளியா?"

"மெத்துன்னு இருக்கும்லம்மா."

"ஏப்ரல் மாசம்டி! ஃபேனுக்குக் கீழயே உக்கார முடியல. இம்புட்டுக்காணு புள்ள வெந்துரும்டி."

பிரசவத்துக்கு அங்கே வந்திருந்த ஸ்டெல்லா பின்னாலிருந்து எட்டிப்பார்த்தாள். "அக்கா, நீ வெள்ளைக்காரியாவே ஆயிட்டியா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "அப்பப் போடாதீங்க. கடையில எடுத்துக்கங்க" என்று போனை வைத்துவிட்டேன். வைத்ததும் அழுகை அழுகையாக வந்தது. மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் படுத்து வளர்ந்தவள் நான். அந்த வெயிலை எப்படி மறந்தேன்? கோபம் அவர்கள் மேல் இல்லை, என் மேல்தான். என் பெயரைச் சொல்ல அந்தக் கோயிலில் இருக்கப்போவது அந்த உடுப்பு ஒன்றுதான். அதுவும் பீரோவுக்குள் போகப்போகிறது என்று நினைத்தபோது தாங்கவில்லை.

மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள். "கோவம் போச்சா? கம்பளியப் பிரிச்சு எடுத்துட்டேன். கையயும் குட்டையாக்கிட்டேன். உள்ள அந்த வலை உரசுச்சு. அதான் அப்பாவோட பழைய வேட்டியக் கிழிச்சு வச்சுத் தச்சிட்டேன்."

"பழைய வேட்டியா? ஈஸ்டருக்குக் கட்டுற வேட்டிடி அது!" என்று அப்பாவின் சத்தம் கேட்டது.

"தொவச்சுத் தொவச்சுப் பஞ்சாப் போயிருச்சு, அதப் போயி கட்டுறாராம்! நீ பயப்படாதடி, புறாவத் தொடல. அது ஒன் வேல."

"சரிம்மா" என்றேன்.

ஞானஸ்நானம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்வெட்டரும் சாக்ஸுமாக, ஹீட்டர் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். வாடிப்பட்டிக் கோயிலில் அம்மா போனைப் பிடித்திருந்தாள். மின்விசிறிகள் இரைந்தன. சித்தியின் கையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. குட்டைக் கைக்கு வெளியே அந்தச் சின்னக் கைகள் வியர்வையில் மினுங்கின. கம்பளியைப் பிரித்ததிலோ என்னவோ, புறாவின் ஒரு றெக்கை லேசாகச் சுருங்கியிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

"விசுவசிக்கிறீர்களா?" என்று ஃபாதர் கேட்டார்.

"விசுவசிக்கிறேன்" என்றாள் சித்தி.

என்னை அறியாமல் நானும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்த என் குரல், அம்மாவின் கையிலிருந்து கோயில் முழுக்கக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"யாரும்மா அது?" என்றார் ஃபாதர்.

அம்மா போனை உயர்த்திப் பிடித்தாள். "அவதான் ஃபாதர் புள்ளைக்கு ஞானத்தாயி. வர முடியல."

ஃபாதர் போன் திரையில் என்னைப் பார்த்தார். அடுத்த கேள்வியைக் கேட்டார். சித்தி பதில் சொல்லி முடித்த பிறகும், என் பதில் வந்து சேரும்வரை காத்திருந்தார்.