சுந்தரேஸ்வரியின் வலது முழங்கால்

சுந்தரேஸ்வரியைக் கொன்றது அந்த மருந்து அல்ல. செத்தவீட்டில் மருந்துதான் கொன்றது என்று பேசிக்கொண்டார்கள். இந்தத் தை மாதம் அவருடைய இதயம் நின்றபோது, மருந்தை நிறுத்தி இரண்டு வருடம் கடந்திருந்தது. அந்த மருந்து அவருக்குச் செய்தது வேறு.

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்வது அவர் வேலை. வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலுக்கு மாலை கட்டுவார். நிலத்தில் வாழையிலை விரித்து, சப்பணமிட்டு இருந்து கட்டுவார். மடியில் வைத்த பூ சுவாமிக்கு ஆகாது என்பது அவர் பிடிவாதம். கடைப் பூவோடு கலக்க, வீட்டுக்குப் பின்னால் காட்டோரத்தில் வெள்ளைப் பூக்கள் பறிப்பார். குளித்துவிட்டு, வெறுங்காலோடு. செருப்புப் போட்டுக்கொண்டு சுவாமிக்குப் பூப் பறிக்க அவருக்கு மனம் வராது.

ஒரு ஆனி மாதம் உண்ணி கடித்தது அப்படித்தான். கடித்தது அவருக்குத் தெரியாது. கெண்டைக்காலில் வட்டமாக ஒன்று விரிந்தது. மருத்துவரின் அறைச் சுவர்ப்படத்தில் அது வெள்ளைத் தோலில் சிவப்பு வளையமாக இருக்கும். அவருடைய தோலில் மங்கிய மண்ணிறம். படை என்று நினைத்துத் தமிழ்க்கடையில் களிம்பு வாங்கிப் பூசினார். சில கிழமைகளில் மறைந்தது. தானாகவே மறைகிற வளையம் அது. அருமையான களிம்பு என்று நாலு பேருக்குச் சொன்னார்.

மார்கழியில் வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. நோவு பெரிதில்லை. மடக்கத்தான் ஏலாது.

குடும்ப மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார். இத்தனை வருடத் துப்புரவு வேலை, வேறென்ன.

சுந்தரேஸ்வரி தனக்குத் தெரிந்த டொச் மொழியில் கேட்டார்: "நான் ஒரு காலால மட்டுமோ வேலை செய்தனான்? மற்றது ஏன் வீங்கேல்லை?"

மருத்துவர் சிரித்தார். சுந்தரேஸ்வரி சிரிக்கவில்லை. மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பும்வரை கதிரையை விட்டு எழும்பவும் இல்லை.

நிபுணர் இரத்தம் எடுத்தார், மூட்டிலிருந்து நீரும் எடுத்தார். இரண்டும் உண்ணிக்கடியால் வருகிற லைம் நோய் என்றன. ஒரு மாதம் கிருமியைக் கொல்லும் குளிசை விழுங்கினார். வீக்கம் வற்றவில்லை. பிறகு நாளத்தில் மருந்து ஏற்றினார்கள். மறுபடி மூட்டு நீரைப் பார்த்தார்கள். கிருமியின் தடயம் இல்லை. வீக்கம் அப்படியே.

மகள் தேனுஜா கார்ஹிங் என்ற ஊரில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். போனில் விளக்கினாள்.

"கிருமி செத்திட்டுது அம்மா. அதின்ர சுவர்த் துண்டுகள் இன்னும் மூட்டுக்குள்ள கிடக்கலாம் எண்டு சொல்லுகினம். உங்கட உடம்பு சண்டையை நிப்பாட்டேல்லை. இப்ப தன்ர சதையையே போட்டு அடிக்குது."

"கோயில் சபைத் தேர்தல் மாதிரி எண்டு சொல்லு. எல்லாம் முடிஞ்சு ஆறு மாசம், இன்னும் நிண்டு அடிபடுகினம்."

"ஓம். அதை அடக்கத்தான் கிழமைக்கு ஒருக்காக் குளிசை. ஈரல் கவனம், அடிக்கடி ரத்தம் பாக்க வேணும். காய்ச்சல் வந்தா உடனை டொக்டரிட்டப் போக வேணும்."

"நீயெண்டா எடுப்பியோ?"

"எடுப்பன்."

செய்தி கனகவல்லிக்குப் போனது. அவர் சுந்தரேஸ்வரியின் புருசனுடைய தமக்கை. கோயிலில் பூசைச் சாமான்களுக்குப் பொறுப்பு. வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எதிர்ப்புச் சக்தியை அடக்கிற குளிசையோ? தடிமன் காய்ச்சல் வந்தாலே போய்ச் சேருவீர். எனக்கு ஒராளைத் தெரியும். மாசக்கணக்கா கிருமி மருந்து ஏத்துவார்."

"இல்லாத கிருமிக்கோ, மச்சாள்?"

"அப்ப கதிரையில இருந்து மாலை கட்டும். மேசையும் போட்டுத் தாறன். வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கப் பழகும்."

சுந்தரேஸ்வரிக்கு அப்போது ஐம்பத்தாறு. கனகவல்லிக்கு அறுபத்து மூன்று, நிலத்தில் சப்பணமிட்டு இருப்பவர். சுந்தரேஸ்வரி அந்தத் திங்கட்கிழமையே முதல் குளிசையைப் போட்டார்.

முதல் மாதம் ஓங்காளம். இரண்டாம் மாதமும் முழங்கால் அப்படியே இருந்தது. பார்க்கிறவர்களெல்லாம் "எப்பிடி?" என்று கேட்டார்கள். "சண்டை நடக்குது" என்பார். வேலையை விடவில்லை. படிகளை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வகுப்பறைகளைக் கூட்டினார். புரட்டாதியில் ஒரு காலை, குளிக்கும்போது, வீக்கத்துக்குள் மறைந்திருந்த முழங்காற் சிரட்டையின் விளிம்பு கையில் தட்டுப்பட்டது. தேனுஜாவுக்குப் படம் எடுத்து அனுப்பினார். எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும்.

கந்தசஷ்டி தொடங்கிய நாள் கோயிலுக்குப் போனார். கனகவல்லி கதிரையும் மேசையும் ஆயத்தமாக வைத்திருந்தார். சுந்தரேஸ்வரி கதிரையைச் சுவரோரம் தள்ளிவிட்டு வாழையிலையை விரித்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்து இறங்கினார். இடது கால் மடங்கியது. வலது கால் பாதிவரை வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. நீட்டினார்.

"கோயிலுக்குள்ள காலை நீட்டுறீரோ?"

"சுவாமியைப் பாத்து நீட்டேல்லை, மச்சாள். உங்களைப் பாத்துத்தான் நீட்டுறன். அந்தப் பூவை இங்கால தள்ளுங்கோ."

கனகவல்லி இரண்டடி தள்ளி நின்றார். சுந்தரேஸ்வரியின் நீட்டிய காலும் அவர் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் பூக்கூடை வந்தது.