கண்ணாடி போதல

எங்கள் வீட்டு மாப்பிள்ளை பா ரிபோர், 'பா' என்றால் எங்கள் பேச்சில் ஐயா மாதிரி, கிட்டாரின் உச்சிச் சுருதியில் கணீரென்று தெறிக்கிற சத்தத்துக்கு ஒரு பேர் வைத்திருந்தார்: கண்ணாடி. யார் கிட்டாரையும் அதன் சத்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினாலும் கண்ணை மூடிக் கேட்பார். "எல்லாம் சரி. கண்ணாடி போதல" என்பார். பிறகு குனிந்து பெட்டியின் குமிழைத் திருக ஆரம்பிப்பார்.

ஷில்லாங்கில் கிட்டார் இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம். முன்பெல்லாம் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் என்றால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டும். என் டாக்சியின் பின்சீட் கிழிந்தது அப்படி ஒன்றால்தான். இப்போது அது காலடியில் வைத்து மிதிக்கிற ஒரு பெட்டி. ஊர் உலகத்து ஆம்ப் சத்தமெல்லாம் அதற்குள் கம்ப்யூட்டர் எண்ணாக இருக்கிறது. நேரே மேடை ஸ்பீக்கரில் சொருகிவிடலாம். ஆனால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்து செய்த சத்தம், பெரிய ஸ்பீக்கரில் போனதும் அடியில் குமுறும், நடுவில் காணாமல் போகும். வீரர்கள் முகம் தொங்கிவிடும். உடனே ரிபோரைத் தேடி வருவார்கள், கையில் கொஞ்சம் பாக்கு, இல்லையென்றால் எள் போட்டுச் சமைத்த பன்றிக்கறி.

முன்னறையில் அவர் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தார். ஈக்வலைசரில் அடிச்சத்தத்தை வெட்டுவார், நடுவைத் தூக்குவார், கடைசியாகக் கண்ணாடி போடுவார். எனக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது. என் டாக்சி ரேடியோவில் இரண்டு குமிழ் உண்டு, அதில் ஒன்று உடைந்துவிட்டது.

எங்கள் சனத்தில் கல்யாணமான ஆண், பெண் வீட்டோடு போய் இருக்கிறவன். வீடு அவர் மனைவி, என் தங்கை தெய்லினுடையது; கடைக்குட்டி என்பதால் அம்மா அவளுக்கு விட்டுப்போனது. அந்த வீட்டு விஷயத்தில் வாய் திறக்கிற உரிமை அண்ணனான எனக்கு உண்டு, நான் திறக்காத நாளும் இல்லை. ரிபோருக்கு அங்கே தன்னுடையது என்று இருந்தது அவருடைய காது ஒன்றுதான். இளவட்டமாக இருந்தபோது டிரம்முக்கும் ஆம்புக்கும் நடுவில் நின்று வாசித்து வாசித்து வளர்த்த காது. அந்தக் காதுக்காகத்தான் எங்கள் மாவ்லாய்ப் பக்கத்தில் நாலு பேர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். அவரும் அதைத் தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷமாகக் கண்ணாடி ஏறிக்கொண்டே போனது. "இப்ப வர்ற ஸ்பீக்கரெல்லாம் மந்தம், பா கிட். எவ்வளவு போட்டாலும் பத்தல" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். அவர் வேலையில் இறங்கினால் தெய்லின் சமையலறைக் கதவைச் சாத்திவிடுவாள். எனக்குப் பல் கூசும். சங்கீதம் என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று சும்மா இருந்தேன். தெய்லின் ஒன்று கேட்டால் அவர் இன்னொன்றுக்குப் பதில் சொல்வார். மாப்பிள்ளைக்குக் கெத்து என்று அதையும் விட்டுவிட்டேன்.

போன வருஷம் தர்பாரில், அதாவது எங்கள் ஊர்ச்சபையில், எழுந்து பேசினார். சரிவில் இருந்த பைன் மரங்களைக் கட்டடத்துக்காக வெட்டியிருந்தார்கள். "மரத்தை வெட்டினீங்க, சில்வண்டு ஊரை விட்டே போயிடுச்சு. ஒண்ணாவது கத்துதா சொல்லுங்க? இந்த மலை ஊமையாயிடுச்சு" என்றார். குரல் தழுதழுத்தது. அன்றைக்கு வெளியே சில்வண்டு காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கவிதை என்று எடுத்துக்கொண்டோம். சர்ச்சில் போதகர் பேசுவதெல்லாம் அப்படியே நடக்கிறதா என்ன? முன்வரிசையில் உட்கார்ந்து நானும் பலமாகக் கை தட்டினேன்.

இந்த வருஷம் ஜூனில் பள்ளி மைதானத்தில் கூரை போட்டு ஒரு கச்சேரி. அவருடைய மகள் டாபிஷாவின் குழு முதன்முதலாக வெளியூர்க்காரர்கள் முன்னால் வாசிக்கப்போகிறது. காலையில் வீட்டில் அவர்தான் அவள் பெட்டியைச் சரி செய்து கொடுத்தார். ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மேடையேறிப் பெட்டியைப் பார்த்தார்.

"யாரு தொட்டது இத?"

"யாரும் தொடல அப்பா" என்றாள் டாபிஷா, தரையைப் பார்த்தபடி.

"கண்ணாடி பாதி கூட இல்லையே. நல்லவேளை நான் வந்தேன்."

மறுபடி ஏற்றினார். அவள் முதல் சுரம் வாசிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

அந்த முதல் சுரத்தை நான் என்னவென்று சொல்ல. தகரத்தில் ஆணியால் கீறியதுபோல இருந்தது. ஆயிரம் கை ஒரே நேரத்தில் காதைப் பொத்தியது. கைக்குழந்தைகள் வீறிட்டன. "குறைங்கய்யா, செத்துடுவோம்!" என்று முதலில் கத்தியவன் நான்தான், எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும். எதிரே மேடைச் சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்சர் மேசையில் உட்கார்ந்திருந்த வான்போக் சட்டென்று உச்சிச் சத்தத்தை இறக்கினான். ஊர் மூச்சு விட்டது.

ரிபோர் மேடையிலிருந்து குதித்து ஓடினார்.

"யாரக் கேட்டுடா இறக்கின? சத்தம் செத்துப்போச்சு!"

"குத்துது, பா ரிபோர்" என்றான் வான்போக் தாழ்ந்த குரலில்.

"குத்துதா? முதல்ல காதுல இருக்கிற மெழுக எடு! ரெண்டு வருஷமா எத்தன பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன், ஒருத்தன் ஒரு குறை சொன்னதுண்டா? ஞாயித்துக்கிழமை சர்ச்சுலயும் நான்தான் போட்டுக் குடுக்கிறேன், அங்க போய்க் கேளு!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சர்ச்சுலயும் நான்தானே பா மிக்சர்ல உக்காந்திருக்கேன்" என்றான்.

ரிபோர் கையை நீட்டி மறுபடி ஏற்றினார். மறுபடி அந்தக் கீறல். அப்போது மேடையில் டாபிஷா வாசிப்பை நிறுத்தினாள். குனிந்து, அத்தனை பேர் பார்க்க, தன் பெட்டியில் குமிழைக் கீழே திருகினாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. பிறகு பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அருமையாக இருந்தது, எனக்கே புரிந்தது. கூட்டம் ஆடியது. ரிபோர் மட்டும் மிக்சர் பக்கத்தில் அசையாமல் நின்றார், முகத்தில் ஈயாடவில்லை.

பாட்டெல்லாம் முடிந்ததும் கூடாரத்துக்குப் பின்னால் மகளைப் பிடித்தார். நானும் போனேன், தாய்மாமன் இல்லாமல் எந்தச் சண்டை நடக்கும்?

"எத்தன நாளா இப்படிக் குறைக்கிற?"

"எப்பவும்தான் அப்பா. நீங்க போட்டுக் குடுத்ததும் ரூமுக்குப் போய்க் குறைச்சுக்குவேன்."

"எங்கிட்ட சொல்லலாம்ல?"

"எப்படிச் சொல்ல?" அவள் உதட்டைக் கடித்தாள். "நான் மட்டுமில்ல. வர்றவங்க எல்லாருமே வீட்டுக்குப் போய்க் குறைச்சுக்குவாங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

"அப்ப எதுக்குத் திரும்பத் திரும்ப வர்றாங்க?"

"அடியும் நடுவும் நீங்க போட்டாத்தான் சரியா வரும் அப்பா. அது உங்களுக்கு நல்லாக் கேக்குது." நிறுத்தினாள். "உச்சிதான் கேக்கல."

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அந்த இடத்தை லேசாக்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. காது போனதுகூடப் பெரிசில்லை, வயசானால் எல்லாருக்கும் ஏதோ ஒன்று போகும். அத்தனை பேரும் தெரிந்துகொண்டே பாக்கும் கறியும் கொண்டுவந்து நீட்டியதை நினைத்துத்தான் மனுஷன் கூனிக் குறுகிப் போனார். கூட்டம் போகிற வாசல் வழியாக வர மாட்டேன் என்றார். பள்ளியின் பின்கதவுக்கு டாக்சியைக் கொண்டுபோனேன். பின்சீட்டில் ஏறித் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்தார்.

"வான்போக்க மெழுகுன்னு சொல்லிட்டேன்" என்றார் கொஞ்ச தூரம் போனதும்.

"நாளைக்குப் போய் ஒரு வார்த்த சொல்லிக்கலாம்."

"ஞாயித்துக்கிழமைதோறும் என் குறைய மூடி மறைச்சிருக்கான், பா கிட். அவனப் போய்..."

மாவ்லாய் ஏற்றத்தில், வெட்டாமல் விட்ட பைன் மரங்கள் நெருங்கி நிற்கிற வளைவில், வண்டி சூடேறிவிட்டது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சில்வண்டுகள் ஒரேயடியாகக் கத்தின. என் பேச்சு எனக்கே கேட்கவில்லை.

"தண்ணி ஊத்திட்டு வர்றேன்!" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் கத்துறீங்க?"

நான் பாட்டிலைத் தேடுவதுபோலக் குனிந்தேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். மெல்லக் கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டி, மரங்களை அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப கத்துதா?"

"எது?"

"சில்வண்டு."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரே இரண்டு வருஷமாகச் சொன்ன பொய்தான்.

"கத்துது."

"எந்த மரத்துல?"

"எல்லா மரத்துலயும், பா ரிபோர்."

தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடினார். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

"தர்பார்ல எல்லாரும் கை தட்டினாங்களே" என்றார் கைகளுக்குள்ளிருந்து. "நீங்களும் முன்னால உக்காந்து தட்டினீங்களே, பா கிட்."