சீமோன் வைத்த கையெழுத்து

பார்க்டேலில் அகதி வழக்கு எழுத வேண்டுமென்றால் தமிழருக்கு இக்னேசியஸ்தான். 1993 மாரிக் குளிரில் ஒருநாள், அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் சீமோன் என்ற ஒஜிப்வே பூர்வகுடி முதியவர் தன் மகள் றோசலினோடு இக்னேசியஸின் சமையலறை மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். இக்னேசியஸ் அதைத் தன் மனைவி மக்டலீனுக்குத் தமிழில் சொன்னபடியே இங்கே வருகிறது.

சீமோனுக்கு எண்பத்திரண்டு வயது. ஹியூரன் ஏரியின் வடகரையில், பூர்வகுடிகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய ஓர் ஊருக்கு ஒன்பது வருடம் தலைவராக இருந்தவர். தலைவர் என்று பெயர்தான். சபை கூடினால் அரசாங்கத்தின் ஏஜென்ட் வந்து தலைமை நாற்காலியில் இருப்பார். அவர் ஒப்பமிடாத தீர்மானம் அடுப்பு மூட்டத்தான் உதவும். ஆனால் சீமோன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஏரி உறைந்ததும் நடு ஏரியில், மீன்பிடிக் குடிலுக்குள் சபையைக் கூட்டினார். ஏஜென்டுக்குப் பனிக்கட்டியில் கால்வைக்கப் பயம். கரைக் காட்டை வெட்டக் கேட்டு வந்த மரக் கம்பனிக்குக் கரையைக் கொடுப்பதில்லை என்று அங்கேதான் முடிவெடுத்தார்கள். தலைநகர் ஒட்டாவா அந்த முடிவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் சீமோனின் பதவிதான் போனது.

பிறகு 1948இல் அரசாங்கம் குடும்பத்தையே பூர்வகுடிப் பட்டியலிலிருந்து வெட்டி, ஊரைவிட்டுத் துரத்தியது. றோசலின் அறிந்த கதை இதுதான். 1985இல் சட்டம் மாறி, வெட்டுப்பட்டவர்கள் மீண்டும் பதியலாம் என்று வந்திருந்தது. அவளுக்கு ஊரில் போய் வீடு கட்டி இருக்க ஆசை. தனக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொரு படிவம் கொண்டு வந்திருந்தாள்.

இக்னேசியஸ் பழக்கதோஷத்தில், றோசலினின் படிவத்தில் 'தந்தை உயிருக்கு அஞ்சி, வற்புறுத்தலால் வெளியேறினார்' என்று எழுதி வாசித்தார். நூறு வழக்குக்கு எழுதிய வரி, கை தானாக ஓடிவிட்டது.

"அதை வெட்டு தம்பி," என்றார் சீமோன். "ஒருத்தரும் வற்புறுத்தேல்லை. பேரை வெட்டச் சொல்லி நானே கேட்டுக் கையெழுத்து வைச்சனான்."

"ஐயா, உப்பிடி எழுதினால் கேஸ் நிக்காது."

"நிக்காட்டிப் போகட்டும். பட்டியலிலை பேர் இருந்தால் வோட்டு இல்லை. வோட்டு இருந்தால் ஒட்டாவாவிலை என்ரை கதையைக் கேப்பாங்கள், கரையைக் காப்பாத்தலாம் எண்டு நினைச்சன்." மகளைப் பார்க்காமலே சொன்னார். "இவளுக்கு அப்ப ஆறு வயசு. பிள்ளையின்ரை பேரும் சேந்து போகுமெண்டு அந்தக் கடதாசியிலை இருந்தது. வாசிச்சுப் போட்டுத்தான் வைச்சன்."

நாற்பத்தைந்து வருடம் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தவள் றோசலின். பாவம், அவளுக்கு இப்போது யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

"கரை மிஞ்சினதோ அப்பா?"

"இல்லை. அந்த வருசமே மரமெல்லாம் தறிச்சுப் போட்டாங்கள்."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கதவுவரை போனாள். பிறகு திரும்பி வந்து, தன் படிவத்தை ஒதுக்கிவிட்டு, அப்பாவின் படிவத்தை இக்னேசியஸுக்கு முன்னால் தள்ளினாள்.

"முதல் இவற்ரை போமை எழுதுங்கோ அண்ணை. இவர் சொன்னபடியே எழுதுங்கோ. இவரை இஞ்சை தனிய விட்டிட்டு நான் அங்கை போய் என்ன செய்யிறது?"