வைசன் புற்று என்று நினைத்தது

வருஷா வருஷம் அக்டோபரில், ஆறு வற்றி நீர்யானைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கிற வெயிலில், மார்கித் அம்மாள் லுவாங்வாக் காட்டிலிருக்கும் சஃபாரி முகாமுக்கு வந்து இறங்கிவிடுவார். மூன்று காமிரா, ஒரு மூட்டை லென்ஸ், ஒரே ஒரு நிபந்தனை. ஜீப்பை வைசன் ஷாவாதான் ஓட்ட வேண்டும். பதினேழு வருஷமாக இதில் மாற்றமில்லை. ஒருமுறை வைசன் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டபோது, அந்த அம்மாள் விமானத் தேதியையே தள்ளிப்போட்டார்.

வைசன் பெரிய மேதை ஒன்றுமில்லை. சிபாட்டா ஊர்ப் பக்கத்து ங்கோனி இனத்துக்காரர். இந்த முகாமுக்குச் செங்கல் அடுக்க வந்தவர். கட்டட வேலை முடிந்து மற்ற கொத்தனார்கள் கூலியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட, இவர் மட்டும் போகவில்லை. வண்டி கழுவினார், டயர் மாற்றினார், அப்புறம் ஓட்டக் கற்றுக்கொண்டார். வழிகாட்டிப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாம் தடவை தேறினார். பேச்சு குறைவு. படம் எடுக்கிறவர்களுக்கு அதுதானே வேண்டும். வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும்படி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தால், கடைசி படம் எடுத்து முடிகிறவரை இருமக்கூட மாட்டார்.

அந்த மனிதருக்குத்தான் கண்ணில் புரை விழுந்திருந்தது. முதலில் இடது கண், போன வருஷம் முதல் வலது கண்ணும். உச்சி வெயிலில் எல்லாம் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போகும். அறுவை செய்தால் சரியாகிவிடும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் கண் மருத்துவ முகாம் நடப்பது கோடையில். அதுதான் பயணிகள் வருகிற காலம். மழைக்காலத்தில் வேலை இருக்காது, ஆனால் பாதையும் இருக்காது, டாக்டரும் வரமாட்டார். அதோடு, கண் என்று வாயைத் திறந்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். ஓய்வுக்கு நான்கு வருஷம் இருந்தது. அடுத்த கோடை, அடுத்த கோடை என்று தள்ளினார்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் கசொண்டே. ஆறு வருஷமாக ஜீப்பில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து விலங்கைத் தேடிச் சொல்கிறவன். பெம்பா இனத்துக்காரன். ங்கோனிக்கும் பெம்பாவுக்கும் தாத்தன் காலத்துச் சண்டை. சண்டை ஓய்ந்து கேலி மட்டும் மிச்சம். ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சாவு வீட்டில்கூடச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மட்டும் கூடாது. நம் மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் கிட்டே நிற்காது.

"குரங்கு தின்னி, தண்ணி எடுத்துட்டியா?" என்பார் வைசன், தினமும் காலையில்.

"எடுத்தாச்சு எலி தின்னி. கண்ணு தெரியாத கிழவனை நம்பி வர்றாங்களே, இவங்க தலையெழுத்து. மாமா, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கு."

சமையல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மேலாளர் மீங்கா அம்மாளும் சிரிப்பார். கேலி முறைக்காரன் சொல்வதை யார் நிஜமென்று எடுத்துக்கொள்வார்கள்? கசொண்டே உண்மையை ஊரறியக் கத்திக் கத்தியே மறைத்துக் கொடுத்தான். வண்டியில் மட்டும் முணுமுணுப்பான். "மாமா, இடது பக்கம் பள்ளம்." "மாமா, முன்னாடி இம்பாலா, மெதுவா."

மீங்கா அம்மாளிடம் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன வருஷமே அவனும் வழிகாட்டிப் பரீட்சை தேறிவிட்டான். ஓட்ட ஒரு வண்டி காலியாவதற்குக் காத்திருக்கிறவன். அவன் போய்ச் சொன்னால் கிழவனின் இருக்கைக்குக் குழி பறித்தான் என்றுதானே ஊர் பேசும்? அவன் வாய் அப்படிக் கட்டுப்பட்டுக் கிடந்தது.

இந்த அக்டோபரில் மார்கித் அம்மாள் வந்த எட்டாம் நாள் காலை. சூரியன் நேர் எதிரே. காட்டுவேல மரங்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேல் கரையான் புற்றுகள். பின்னிருக்கையில் அந்த அம்மாளின் லென்ஸ் ஒன்று உருண்டு இருக்கைக்கு அடியில் போய்விட, கசொண்டே திரும்பிக் குனிந்து துழாவினான். அந்த அரை நிமிஷம்தான். வைசன் ஒரு சாம்பல் நிறப் புற்றை ஒட்டினாற்போல் வண்டியைத் திருப்பினார்.

புற்று காதை விரித்தது.

குட்டியோடு நின்ற தாய் யானை. வைசன் பிரேக்கை மிதித்தபோது அது பிளிறிக்கொண்டு வந்து, ஒரு கை தூரத்தில் நின்றது. கிளப்பிய புழுதி எல்லாம் அவர் மடியில் விழுந்தது. கசொண்டே எழுந்து கதவை ஓங்கி ஓங்கி அறைந்தான். யானை தலையை ஆட்டிவிட்டு, குட்டியைத் தள்ளிக்கொண்டு மரங்களுக்குள் போனது. பின்னாலிருந்து காமிரா சடசடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

"பதினேழு வருஷத்துல இவ்வளவு கிட்ட போனதே இல்ல," என்றார் மார்கித் அம்மாள். குரல் நடுங்கியது, சந்தோஷத்தில். "என்ன தைரியம் வைசன் உங்களுக்கு."

வைசன் மடிப் புழுதியைத் தட்டிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்தார்.

மதியச் சாப்பாட்டில் அந்தப் படம் மேசை மேசையாகச் சுற்றியது. கண்ணிமை மயிர்கூட எண்ணலாம் என்றார்கள். சமையல்காரர்கள் கசொண்டேயின் வாயையே பார்த்துக் காத்திருந்தார்கள். இதைவிட நல்ல சாக்கு எப்போது கிடைக்கும்? அவன் தட்டிலிருந்த ன்ஷிமாக் களியை உருட்டிக்கொண்டிருந்தான். வைசனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆறு வருஷத்தில் முதல்தடவையாக அவனுக்குக் கேலி வரவில்லை. யானையிடம் பயந்ததைவிட வைசன் இதற்கு அதிகம் பயந்தார்.

நான்கு மணிக்குத் தேநீர். மார்கித் அம்மாள் தொப்பியோடு தயாராக வந்தார்.

"இன்னிக்கும் அதே கூட்டத்துக்குப் போவோம் வைசன். காலையில மாதிரியே கிட்ட."

வைசன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் ஓட்டலை மேடம். எனக்குக் கண்ணு தெரியல."

மீங்கா அம்மாள் சிரித்துவிட்டார். "கசொண்டே, இவருக்கும் உன் பாட்டைச் சொல்லிக் குடுத்துட்டியா?"

"இது கேலி இல்ல மேடம்," என்றான் கசொண்டே.

சிரிப்பு அடங்கியது. வைசன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். புற்று என்று நினைத்ததைச் சொன்னார். வெட்கத்தில் காது சுட்டது, இருந்தும் நிறுத்தவில்லை.

"எட்டு நாளா இந்தக் கண்ணோடயா என்னை ஏத்திட்டுப் போனீங்க?" என்றார் மார்கித் அம்மாள்.

"போன வருஷமும்தான் மேடம்."

அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் ஒரு நாள்கூட முன்னாடி பாதையைப் பாத்ததில்ல வைசன். நீங்க பாக்கிறீங்கன்னு நான் பாட்டுக்குக் காமிராவுல கண்ணை வச்சிட்டிருந்தேன்."

மீங்கா அம்மாள் சாவியை எடுத்துக் கசொண்டேயிடம் கொடுத்தார். நாளைக் காலையில் வைசனைச் சிபாட்டா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகவும், உரிமத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றும் சொன்னார். கசொண்டே சாவியை வாங்கிக்கொண்டு வைசன் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, நான் கேக்கல இதை."

"தெரியும்டா. முதல் வளைவுல மணல் ஆழம். ரெண்டாம் கியர்ல போ."

மார்கித் அம்மாள் ஏறிக்கொள்ள, வண்டி கிளம்பியது. வைசன் முகாம் வாசல்வரை நடந்துபோய் நின்றார். மாலை வெளிச்சமும் புழுதியும் ஒன்றாகக் கலந்து வெள்ளைத் துணியாகத் தொங்கின. அதற்குள் எங்கேயோ வண்டியின் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைப் பார்த்து அவர் கையைத் தூக்கி அசைத்தார். வெகுநேரம் அசைத்தார். மார்கித் அம்மாள் திரும்பிக் கையசைத்தாரா என்று அவருக்குத் தெரியவில்லை. வழக்கமாக இதையெல்லாம் பார்த்துச் சொல்கிறவன் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.