குமட்டலுக்கு வந்த மைசூர்பாகு

கஞ்சாவை நானும் என் கணவரும் ஒரே நாளில்தான் விட்டோம். என்னைப் பழக்கியது அவர், விடலாம் என்றது நான்.

அந்த வாரம் அவர் தூங்காமல் எரிந்து விழுந்தார். "ஆபீஸ்ல என்ன தொல்லையோ, பாவம்" என்று மாமியார் அவர் தலைக்கு எண்ணெய் வைத்தார். எனக்கு அதைவிட மோசம். சோற்று வாசனைக்கே வாந்தி வந்தது. மாமியார் உடனே ஹனூரில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் போட்டார். "நம்ம ஊட்டுல விசேசம், கண்ணு!" மாலையில் மைசூர்பாகு வந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். கஞ்சாவுக்குப் பழகிய மூளை, அது நின்றதும் தூக்கத்தையும் பசியையும் கெடுத்துவிடும் என்றார். பெண்களுக்குக் குமட்டல் கூடுதலாக இருக்கலாம், தானாகச் சரியாகிவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து உடைத்துச் சொன்னேன். "குழந்தையில்ல அத்தை. ரெண்டு பேரும் கஞ்சாவை விட்டிருக்கோம். அதான்."

"எம் பையனக் கெடுத்தது நீதானா?" என்றார் மாமியார்.

கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டாக்டரம்மா சொன்ன குமட்டல் சில நாளில் நின்றது. கணவர் பக்கத்தில் படுக்கும்போது வருகிறதே, அது இன்னும் நிற்கவில்லை.