ஓரத்தில் இருந்த திருத்தம்

ஆரணி நெசவாளர்களிடம் பட்டுப்புடவை நெய்து வாங்கிக் கடைகளுக்கு அனுப்புவது என் தொழில். நிறம், கரை, முந்தி எல்லாம் எழுதிய ஆர்டர் தாளை எல்லோருக்கும் அனுப்பித் திருத்தம் கேட்பேன். வந்தவாசியில் டிசைன் போடுபவர் பிடிஎஃப்பில் சிவப்பு வட்டம் போடுவார். சென்னைக் கடை மேனேஜர் கம்ப்யூட்டரில் வேர்டு ஃபைலிலேயே எழுதுவார்.

அன்று மேனேஜர் திருப்பி அனுப்பியதை என் செல்போனில் திறந்தேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. சாயப்பட்டறை ஏகாம்பரம் அண்ணனிடம் நூலுக்கு அரக்குச் சாயம் போடச் சொல்லிவிட்டேன்.

மதியம் மேனேஜர் பேசினார். “அரக்கு வேணாம், மாம்பழ மஞ்சள்னு ஓரத்துல கமெண்ட் போட்டிருந்தேனே, பாத்தீங்களா?”

பாழாய்ப்போன என் போன் அந்தக் கமெண்டைக் காட்டவே இல்லை. அரக்கில் முங்கிய நூல் மஞ்சளாகாது. அண்ணனுக்கு ஆறு முறை போன் செய்தேன். சாயக் கையோடு அவர் போனைத் தொடமாட்டார். ஸ்கூட்டியை விரட்டினேன்.

தொட்டியில் அரக்குத் தண்ணீர் கொதித்தது. அவர் நூலைக் கம்பில் மாட்டித் தூக்கிவிட்டிருந்தார்.

“அண்ணே, நிறுத்துங்க!”

“இன்னாம்மா இது, முக்கப் போற நேரத்துல?”

நூல் இன்னும் வெள்ளையாக இருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது யார் எதில் திருத்தினாலும், மொத்தம் எத்தனை திருத்தம் என்று வாட்ஸ்அப்பில் தனியாக எழுதச் சொல்கிறேன். ஒன்றும் இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும். அத்தனை திருத்தமும் என் கண்ணில் பட்ட பிறகுதான் சாயம் போடச் சொல்வேன்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் அண்ணனே முந்திக்கொண்டு கேட்கிறார்: “எல்லாரும் எத்தினின்னு சொல்ட்டாங்களாம்மா?”